வளையத்தை விலக்கிப் பார்த்தது

கிளீட்டஸ் தன் ஆசிரியரைவிட ஏழு வயது மூத்தவன். கடற்கரை ஊரில் பிறந்து, ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தி, தலை நரைக்க ஆரம்பித்தபிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவன். அவனுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியர் உமையாள். அவர் அவனை சார் என்பார். அவன் அவரை மேடம் என்பான். விடுமுறை நாட்களிலும் சனிக்கிழமைகளிலும் பஸ் பிடித்து அவன் பல்கலைக்கழகத்துக்கு வந்து போவான். வருடங்கள் அப்படிப் போயின.

உமையாள் அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பெரும்பாலும் ஒரு வேலையைக் கொடுப்பார். செய்து முடிக்கும்போது பதில் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் கேள்வியில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சேர்ந்த புதிதில் கிளீட்டஸ் கேட்டான், கண்ணால் பார்க்க முடியாத ஒன்றின் வடிவத்தை எப்படி நம்புவது என்று. உமையாள் அறைக் கதவைச் சாத்தினார். வெளியே தாழ்வாரத்தில் யாரோ நடந்து போனார்கள்.

"யார் போறது?"

"அலுவலகத்து முத்தையா. செருப்பைத் தேய்ச்சு நடக்கறார்."

"பார்த்தீங்களா?"

"இல்லை மேடம்."

உமையாள் கதவைத் திறந்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

கிளீட்டஸ் எடுத்துக்கொண்ட சேர்மம் ஓர் ஆரஞ்சு நிறத் தூள். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவே ஓர் இரும்பு அணு. மேலே ஒரு கார்பன் வளையம், கீழே ஒரு கார்பன் வளையம். இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே வைத்ததுபோல இருப்பதால் அந்த வகைக்கே சாண்ட்விச் சேர்மம் என்று பெயர். வளையங்கள் சும்மா இருப்பதில்லை. இரும்பை நெருங்கும், விலகும், சாயும், திரும்பும். தூளின்மேல் லேசரை விட்டால், சிதறி வரும் ஒளியில் அந்த அசைவுகள் கோடுகளாக விழும். பச்சை லேசர் வைத்தால் தூள் கருகிவிடும் என்பதால் சிவப்பு லேசர். அதே அசைவுகளைக் கணினியிலும் கணக்கிட்டு எடுக்கலாம். கருவி காட்டிய கோட்டையும் கணினி தந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் கோடு இந்த அசைவு என்று பெயர் சொல்வதுதான் அவன் ஆராய்ச்சி.

ஆராய்ச்சி முடியப் போகிற வருடத்து ஐப்பசியில் அவன் தம்பி ஜெரோன்ஸ் கடலில் காணாமல் போனான்.

ஜெரோன்ஸ் போனது நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகில். ஊர்க்காரர்கள் சிலரும் உடன் போயிருந்தார்கள். புயல் திசை மாறியபோது வயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த படகொன்று அந்தக் குரலைக் கேட்டது. அதற்கப்புறம் இரைச்சல்தான் கேட்டது. மற்ற படகுகள் எங்கெங்கோ கரை ஒதுங்கி, ஒவ்வொன்றாக ஊர் திரும்பின. அந்தப் படகு வரவில்லை.

தை மாதம் ஒரு மீனவர் ஐஸ்பெட்டி மூடி ஒன்றைக் கடலில் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். அதில் படகின் பெயர் இருந்தது. உடன் போனவர்களின் வீடுகளில் மூடியைத் தொட்டுப் பார்த்து அழுதார்கள். கோயிலில் பூசை வைத்தார்கள். உடல் இல்லாத சவப்பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஜெரோன்ஸுக்கு மட்டும் எதுவும் நடக்கவில்லை. கிளீட்டஸ் சம்மதிக்கவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவன் சொல்தான் கடைசிச் சொல். பங்குச் சாமியார் வந்து பேசினார். ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். அலை ஒரு மூடியைப் பிடுங்கிக்கொண்டு போனதற்குப் படகே மூழ்கியதாக அர்த்தமில்லை என்று கிளீட்டஸ் அவர்களுக்கு விளக்கினான். படித்தவன் சொல்கிறான் என்று எழுந்து போனார்கள்.

அவனிடம் ஒரு கணக்கு இருந்தது.

துறையில் பெரிய கணக்குகளுக்கென்று ஒரு கணினி இருந்தது. மாணவர்கள் வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது வரிசையாக எடுத்துச் செய்யும். கிளீட்டஸ் மூலக்கூறு வேலைகளுக்கு நடுவே இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தான். புயல் அன்று காற்று எந்தப் பக்கம், என்ன வேகம். நீரோட்டம் எந்தப் பக்கம். இயந்திரம் நின்றுபோன படகு ஒன்று, கடைசியாகக் குரல் கேட்ட இடத்திலிருந்து மிதந்தால் எங்கே போகும்.

முதல்முறை படகு நடுக்கடலுக்குப் போயிற்று. எந்தக் கரையும் கிட்டத்தில் இல்லை. படகில் இருந்த குடிநீர் அவ்வளவு நாளைக்குக் காணாது.

குரல் கேட்ட இடத்தைச் சொன்னவர் சரியாகச் சொல்லியிருக்கமாட்டார் என்று கிளீட்டஸ் நினைத்தான். இடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். மறுபடி நடுக்கடல். காற்று படகை எவ்வளவு தள்ளும் என்பதை மாற்றினான். மழை பெய்திருக்கும், தண்ணீர் பிடித்திருப்பார்கள் என்று சேர்த்துக்கொண்டான். இப்படி மாற்றி மாற்றி ஓடவிட்டதில் ஒருநாள் படகு ஒரு தீவுக்குப் பக்கத்தில் போயிற்று. கிளீட்டஸ் யார் யாரையோ பிடித்து அந்தத் தீவுக்குச் செய்தி அனுப்பினான். அப்படி யாரும் வரவில்லை என்று பதில் வந்தது. அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அந்தக் கணினிக்குப் பொறுப்பு உமையாள். எது யாருடைய வேலை, எது எதற்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மற்ற மாணவர்களின் வேலைகள் பின்னால் காத்துக் கிடந்தன. ஒரு மாணவி போய்ப் புகாரும் சொன்னாள். உமையாள் அவளுக்குப் பகலில் தன் நேரத்தை விட்டுக்கொடுத்தார். கிளீட்டஸிடம் எதுவும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளீட்டஸ் தம்பி வீட்டுக்குப் போனான். ஜெரோன்ஸின் மனைவி ரெஜினா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். ஜெரோன்ஸின் சட்டைகளையும் துவைத்துப் போட்டிருந்தாள். உடுத்தாத சட்டையை எதற்குத் துவைக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. வந்தால் உடுத்த வேண்டுமே என்று போன மாதம் அவன்தான் அவளிடம் சொல்லியிருந்தான்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மகளுக்குக் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை கொடுக்க வேண்டும், வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்த வருடம் கொடுக்கிறார்கள் என்றாள். அப்பன் வந்தபிறகு கொடுக்கலாம் என்றான் கிளீட்டஸ். பிறகு புதுக் கணக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். இந்தத் தடவை நீரோட்டத்தை மாதவாரியாகப் பிரித்துப் போட்டிருப்பதாகவும், மேற்கே ஒரு வழி திறந்திருப்பதாகவும் சொன்னான்.

ரெஜினா நின்றபடி கேட்டாள். அவன் முடித்ததும் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தான், ஒண்ணு கேட்டா கோவப்படுவியளா?"

"கேளு."

"எனக்கு அழணும்."

கிளீட்டஸ் தண்ணீரைக் கீழே வைத்தான்.

"அவிய வந்தா எனக்குச் சந்தோசம் இல்லையா? ஆனா எனக்குத் தெரியும் அத்தான். அந்த மூடியப் பாத்த அன்னைக்கே தெரியும். வாய் தொறந்தா, உயிரோட இருக்கவனுக்கு அழக்கூடாது, வருவான்னு உன் அத்தான் சொல்லியாச்சுன்னு கையப் பிடிச்சு வாயப் பொத்துதாவ. மத்தவளுவ எல்லாம் அழுது முடிச்சு மீன் விக்கப் போயாச்சு. நான் மட்டும் இங்க துணி துவைச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லாம என்ன ஒருத்தரும் அழ விட மாட்டேங்காவ."

இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு கிளீட்டஸ் எழுந்தான். அவள் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, எப்போதும்போல, பார்த்துப் போங்கள் என்றாள்.

அந்த வாரம் கிளீட்டஸ் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்திலேயே தங்கினான். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை உட்கார்ந்து முடித்தான். முடித்ததை உமையாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

உமையாள் பட்டியலைப் பார்த்தார். இடது பக்கம் கருவி அளந்தது, வலது பக்கம் கணினி கணக்கிட்டது. இரண்டும் ஒன்றுபோல இருந்தன. ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

அளவும் கணக்கும் இப்படி ஒத்துப்போவதில்லை. கணக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அது எல்லோருக்கும் தெரியும். அதனால் வந்த எண்கள் எல்லாவற்றையும் ஒன்றைவிடச் சற்றே குறைந்த ஒரே எண்ணால் பெருக்கிக் குறைத்துக்கொள்வார்கள். அப்படிக் குறைத்தபிறகும் அங்கொன்றும் இங்கொன்றும் ஒட்டாமல்தான் நிற்கும்.

"எப்படி சார் இவ்வளவு சரியா வந்துச்சு?"

கிளீட்டஸ் மறைக்கவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி எண் வைத்துப் பெருக்கியதாகச் சொன்னான். எது எந்த எண்ணால் ஒத்துவருமோ அந்த எண். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

உமையாள் திட்டவில்லை. தாள்களை அடுக்கி மேசை ஓரத்தில் வைத்தார்.

"ஒரு வேலை செய்யுங்க சார். மேல் வளையத்தை இரும்பிலிருந்து விலக்குங்க."

"எவ்வளவு தூரம் மேடம்?"

"கொஞ்சம் கொஞ்சமா. ஒவ்வொரு இடத்திலயும் எவ்வளவு ஆற்றல் ஆகுதுன்னு பாருங்க. நான் சொல்ற வரைக்கும் விலக்கிக்கிட்டே இருங்க."

இத்தனை வருடத்தில் கிளீட்டஸ் அப்படிச் செய்ததில்லை. அவன் பார்த்ததெல்லாம், வளையம் தன் இடத்தில் இருந்துகொண்டு லேசாக நடுங்குவதை மட்டும்தான். அதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய தேவை அவனுக்கு வந்ததில்லை.

அந்தக் கணக்கு முடிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவன் கடலின் கணக்கைக் கொடுக்கவில்லை. கணினிக்கு இடமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முடிந்ததும் உமையாள் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு கோடு. தொடக்கத்தில் செங்குத்தாக ஏறியது. போகப் போக ஏற்றம் தளர்ந்தது. பிறகு ஏறாமல், இறங்காமல், மட்டமாக நீண்டது.

"இங்க என்ன ஆச்சு?" உமையாள் மட்டமான இடத்தைக் காட்டினார்.

"இங்க வளையம் போயிருச்சு மேடம்."

"இன்னும் விலக்கினா?"

"இதேதான். பிடிச்சு இழுக்க ஒண்ணுமில்லை. போய்க்கிட்டே இருக்கும்."

இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். ஏதாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. மாணவர்கள் யாரும் கேட்காத, எல்லோரும் பெருக்கிவிட்டுக் கடந்துபோகிற கேள்வியை அவன் கேட்டான்.

"மேடம், நம்ம கணக்கு ஏன் எப்பவும் கூடுதலாவே வருது?"

உமையாள் ஒரு தாளை எடுத்துத் திரையில் இருந்த கோட்டை அப்படியே வரைந்தார். பேனாவை அவனிடம் கொடுத்தார்.

"நாம அசைவோட அதிர்வெண் எடுக்கறப்ப இந்தப் பிணைப்பு எப்படி இருக்குன்னு வெச்சுக்கறோம்? அதை இதுமேலயே போடுங்க."

கிளீட்டஸ் வரைந்தான். எல்லாப் பாடநூலிலும் இருப்பது, அவனே வகுப்பில் கரும்பலகையில் எத்தனையோ முறை போட்டது. கிண்ணம்போல ஒரு வளைகோடு. அடிப்பக்கம் இரண்டு கோடுகளும் ஒன்றாகப் போயின. சற்று மேலே போனதும் பிரிந்தன. ஒன்று சாய்ந்து மட்டமாயிற்று. அவன் வரைந்தது தாளின் விளிம்பைத் தொட்டது.

"உங்க கோடு எங்க முடியுது சார்?"

"முடியாது மேடம். ஏறிக்கிட்டே இருக்கும்."

"அப்ப வளையத்தை இழுத்தா?"

"எவ்வளவு தூரம் இழுத்தாலும்..." என்று ஆரம்பித்த கிளீட்டஸ் நிறுத்தினான். பேனாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"சொல்லுங்க."

"எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்துரும்."

"இருக்கறதைவிட இறுக்கமா பிடிச்சு வெச்சுக்கறோம். அதனாலதான் சார் கூடுது," என்றார் உமையாள்.

அவர் எழுந்து போய், அறைக்கு வெளியே நின்றிருந்த மாணவியிடம் இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு அவரும் வெளியே போனார். உள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிக் கேட்கிற அளவுக்குக் கிளீட்டஸ் அழவில்லை. ஆனால் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவன் அன்றைக்கே ஊருக்குப் போனான். நேராகத் தம்பி வீட்டுக்குப் போய், திண்ணமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு போனான். ரெஜினாவைப் பார்த்ததும் எதுவும் வரவில்லை. சாமியாரிடம் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னான். ரெஜினா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றுவிட்டது.

அப்போது வந்த அவளுடைய சத்தத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். வழக்கம்போல ஒருத்தி வாயைப் பொத்தப் போனாள். கிளீட்டஸ் வேண்டாம் என்று கையைக் காட்டினான். அவர்களுக்குப் புரிந்தது. அவளைச் சுற்றி உட்கார்ந்து அவர்களும் அழுதார்கள். சிறுமி உள்ளேயிருந்து வந்து அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை யார் தூக்கிக்கொள்வது என்று தெரியாமல் கிளீட்டஸ் சற்று நேரம் நின்றான். பிறகு அவனே தூக்கிக்கொண்டான்.

அடக்கத்துக்கு உமையாள் வந்திருந்தார். கிளீட்டஸ் அவரை அழைக்கவில்லை. துறையில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறி விசாரித்து வந்திருந்தார். கோயிலில் எங்கே நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் கடைசி வரிசையில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

பெட்டியில் ஜெரோன்ஸின் திருவிழாச் சட்டையையும் வேட்டியையும் வைத்திருந்தார்கள். பெட்டி கனக்கவே இல்லை. அதைத் தூக்கிய நாலு பேரும் கனமான பெட்டியைத் தூக்குவதுபோல மெதுவாக நடந்தார்கள். கல்லறைத் தோட்டத்து மண் கடற்கரை மண்தான். குழி வெட்ட வெட்டச் சரிந்தது. எல்லோரும் கைநிறைய மண் அள்ளிப் போட்டார்கள். உமையாளும் வரிசையில் வந்து போட்டார். ரெஜினாவின் முன்னால் வந்தபோது அவள் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் கிளீட்டஸ் அவரைப் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. காற்று மணலை வாரித் தார்ச்சாலையில் போட்டுக்கொண்டிருந்தது.

ஆய்வேட்டுப் பட்டியலை மாற்றித் தருவதாகக் கிளீட்டஸ் சொன்னான். எல்லாவற்றுக்கும் ஒரே எண் வைத்து, ஒட்டாதவற்றை ஒட்டாதவையாகவே விட்டுவிடுவதாகச் சொன்னான். உமையாள் தலையசைத்தார். அவசரம் இல்லை என்றார்.

"மேடம், நான் அந்தக் கணினியில வேற கணக்குப் போட்டது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தை மாசத்திலிருந்து போட்டேன். அது ஆகாத கணக்குன்னும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

உமையாள் பஸ் வரும் பக்கம் பார்த்தார்.

"மத்தவங்க வேலையெல்லாம் காத்துக் கிடந்துச்சு. ரெஜினா இங்க இப்படிக் கிடந்தா. ஒரு தடவைகூட நீங்க என்னை நிறுத்தச் சொல்லலையே, ஏன்?"

வளைவில் பஸ் திரும்பியது. உமையாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஏறுவதற்கு முன் அவன் பக்கம் திரும்பினார்.

"தினமும் காலையில வந்ததும் முதல்ல உங்க கணக்கைத்தான் சார் திறந்து பார்ப்பேன். படகு எங்கேயாவது கரை தட்டியிருக்கான்னு."